எண்கிழமை: ராயபுரத்தில் ஏழு நாள்

திங்கள், ஏப்ரல் 21, 2025

கோவையிலிருந்து ராத்திரி ரயில். சென்ட்ரலில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. ஆட்டோக்கார அண்ணன் "ராயபுரத்துல எங்கம்மா?" என்றார். "இராயப்பர் கோயிலாண்ட" என்று வாயில் வந்துவிட்டது, அப்படியே அம்மாவின் குரலில். இருபது வருஷமாகக் கோவையில் இருக்கிறேன். இந்த 'ஆண்ட' மட்டும் சென்ட்ரலில் கால் வைத்ததும் தானாகத் திரும்பி வந்துவிடுகிறது.

வீடு நவம்பரிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. சித்தி முந்தின நாளே வந்து கூட்டிப் பெருக்கி, மாதா படத்துக்கு மேல் சின்ன நீல பல்பைப் போட்டு வைத்திருந்தாள். அம்மாவின் கட்டில் மேல் அவளுடைய ஜெபமாலை. சாதாரண ஐம்பத்துமூன்று மணி இல்லை. நூற்றைம்பத்துமூன்று மணி, வேளாங்கண்ணியில் வாங்கினது. பாதியில் அறுந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கையிலிருந்து கழற்றும்போது அறுந்தது அது.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரைக்கும் எட்டு நாளையும் திருச்சபை ஒரே பெருநாளாகக் கொண்டாடுகிறது. பாஸ்கா எண்கிழமை என்று பெயர். அம்மா இந்த எட்டு நாளும் பூசையை விட்டதே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு கோயில் என்றுகூடப் போவாள். "பெரிய வெள்ளிக்கு நிக்க இடம் இருக்காது. ஈஸ்டர் ராத்திரி ரோடு வரைக்கும் ஜனம். மறுநாள் போய்ப் பாரு, முன்னாடி ரெண்டு பெஞ்சுதான். உயிர்த்து வந்தவரு யாரைப் போய்ப் பாக்கறது?" என்பாள். அவள் இல்லாத முதல் எண்கிழமை இது. அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று லீவு போட்டு வந்தேன். பக்தியில் வந்தேன் என்று சொன்னால் பொய்.

அம்மா படுத்திருந்த ஏழு மாதமும் நாங்கள் ஜெபிக்காத நாள் இல்லை. நவநாள் மேல் நவநாள், நேர்ச்சை, ஒருசந்தி. அவள் இறந்த ஏழாம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெபக் கூட்டத்துக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முழு விசுவாசத்தோட கேட்டிருந்தா ஆண்டவர் நிச்சயம் குடுத்திருப்பாரும்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து ஜெபமாலையை எடுத்தால் மூன்றாவது மணிக்கு மேல் விரல் போகவில்லை. என் விசுவாசம் போதாமல்தான் அம்மா போனாளா?

மதியம் ஒன்றரை மணிவாக்கில் சித்தி போனைப் பார்த்தபடியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "பாப்பா, பாப்பரசர் போய்ட்டாரு." போப் பிரான்சிஸ். நேற்றுதான், ஈஸ்டர் அன்று, பால்கனிக்கு வந்து உலகத்துக்கு ஆசீர் கொடுத்தார். 88 வயது.

சாயங்காலம் இராயப்பர் கோயிலுக்குப் போனோம். இன்று எல்லோரும் பேதுரு என்கிறோம். நம் பாட்டன் பாட்டிகள் அவரை இராயப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள், இந்தப் பேட்டைக்கே அவர் பெயர்தான். 1829-ல் குருகுல வம்சத்துப் படகோட்டிகள் கட்டின கோயில். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், ஒரு ஆணி கிடையாது. ஆணி அடித்து இறுக்கின படகு இந்தக் கரையின் அலையில் பிளந்துவிடும். கயிற்றால் தைத்தது கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கொஞ்சம் தண்ணீரையும் உள்ளே விட்டு, கரை வந்து சேரும்.

முதல் பாப்பரசரான இராயப்பரின் இடத்தில் இருந்தவர் இறந்த அன்று இராயப்பர் கோயிலில் இருந்தேன். பீடத்தில் பாஸ்கா திரி எரிகிறது, அல்லேலூயா பாடுகிறார்கள், பாதிப்பேர் அழுகிறார்கள். வாசகம் மத்தேயு. கல்லறையிலிருந்து பெண்கள் பயமும் சந்தோஷமும் சேர்ந்து ஓடுகிறார்கள். அதே பக்கத்தில் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, 'நாங்கள் தூங்கும்போது சீடர்கள் உடலைத் திருடிப் போய்விட்டார்கள் என்று சொல்லுங்கள்' என்கிறார்கள். இத்தனை வருஷம் கேட்டும் இது எனக்கு உறைத்ததில்லை. உயிர்ப்பை நம்பாதவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மத்தேயு மறைக்கவே இல்லை. நற்செய்திக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்.


செவ்வாய், ஏப்ரல் 22

செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார். அதில் அம்மாவுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பின ராயபுரம் ஸ்டேஷனில் ஏறி, ஒரே ஸ்டேஷன், பீச்சில் இறங்கி நடந்தேன். அரண்மனைக்காரன் தெரு. அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மேனியக்காரன் தெரு என்பதை நம் ஜனங்கள் வாய்க்கு வசதியாக அப்படி ஆக்கிவிட்டார்கள். 1772-ல் எழுப்பின ஆர்மேனியர் கோயில் இன்றும் நிற்கிறது, உள்ளே அமைதியாக. அதே தெருவில் மரியன்னை இணைப் பேராலயத்தில் அந்தோணியாருக்குக் கூட்டம் தெரு வரை.

ஏன் செவ்வாய்க்கிழமை என்று சின்ன வயதில் அம்மாவைக் கேட்டிருக்கிறேன். அந்தோணியார் 1231 ஜூன் 13-ல் பதுவா நகர் அருகே இறந்தார். அடக்கம் பண்ணினது 17-ஆம் தேதி, செவ்வாய். அன்றிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம். அதாவது நாம் கூடுகிற நாள் அவருடைய அடக்க நாள்.

வரிசையில் எனக்கு முன்னால் நெற்றியில் குங்குமத்தோடு ஒரு அம்மா, கையில் மெழுகுவர்த்திக் கட்டு. பின்னால் பர்தா போட்ட ஒரு பெண், கைக்குழந்தையோடு. பாரிமுனையில் மூட்டை தூக்குகிற ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முழங்கால் போட்டார். சுரூபத்தின் பாதம் பல ஆயிரம் கை பட்டு வழவழப்பாகிவிட்டது. நானும் தொட்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் இவர் என்பது உலகம் முழுக்க இருக்கிற நம்பிக்கை. சாவி தொலைந்தால், கம்மல் தொலைந்தால், அம்மா உடனே "அந்தோணியாரே" என்பாள். நான் என்ன கேட்பது என்று தெரியாமல் கையை எடுத்தேன்.

இன்றைய வாசகம் மகதலா மரியா. கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறாள். உயிர்த்தவர் எதிரிலேயே நிற்கிறார், இவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தோட்டக்காரர் என்று நினைத்து, 'நீர் தூக்கிக்கொண்டு போயிருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும்' என்கிறாள். அவள் தேடினது உயிரோடு இருக்கிறவரை அல்ல, ஒரு உடலை. அதற்கு மேல் எதையும் நம்ப அவளுக்குத் தெம்பு இல்லை. பார்த்து அறியாதவள், "மரியா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினாள்.

என் போனில் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருக்கிறது. ஒன்பது செகண்டு. "பாப்பா, சாப்ட்டியா? போன் பண்ணு" என்று தொடங்கும். நவம்பருக்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. கோயிலில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அந்த ஒன்பது செகண்டுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.


புதன், ஏப்ரல் 23

இயேசு இறந்த பிறகு எம்மாவு ஊருக்கு நடந்த இரண்டு சீடர்களின் வாசகம் இன்று. எருசலேமிலிருந்து சுமார் பதினொரு கிலோமீட்டர். நானும் பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்கு நடந்தே போவதென்று முடிவு பண்ணினேன். ஆறு கிலோமீட்டர் சொச்சம். "நானும் வரேன்" என்று சித்தி செருப்பை மாட்டிவிட்டாள். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. "அவுங்க ரெண்டு பேரு தானே நடந்தாங்க. நீ மட்டும் தனியா எப்படி?" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது!

ஐந்து மணிக்கே கிளம்பினோம். கல்மண்டபம், பழைய வண்ணாரப்பேட்டை, மூலக்கொத்தளம். இட்லிக் கடைகளில் அப்போதுதான் ஆவி வர ஆரம்பித்திருந்தது. தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் காத்திருந்தன. பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்தபோது கால்வாயின் நாற்றமும் ரயில் சத்தமும் சேர்ந்து, சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அங்கேதான், ஒரு டீக்கடை பெஞ்சில், அவள் சொன்னாள்.

"உங்கம்மா போன அன்னிக்கு நான் இன்னா பண்ணேன் தெரியுமா? யார்கிட்டயும் சொல்லல. வூட்டுக்குப் போயி மாதா படத்தைச் செவுத்தைப் பாக்கத் திருப்பி வெச்சிட்டேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மூணு நாள். விளக்குப் போடல, ஜெபம் சொல்லல. எத்தனி சனிக்கிழமை ஒன்னாண்ட வந்துருப்பா அவ, ஒனக்குக் கண்ணு இல்லியா, போன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. மூணாம் நாள் ராத்திரி தூக்கம் வரல. சண்டை போடணும்னாலும் மூஞ்சியப் பாத்துத்தானே போடணும். திருப்பி வெச்சிட்டேன்."

ஐம்பது வருஷமாக மூவேளை செபம் தவறாதவள் சித்தி. நவம்பர் முழுக்க என்னைத் தேற்றினவள். அந்த மூன்று நாளை என்னிடமிருந்து மறைத்திருக்கிறாள், நான் என் மூன்றாவது மணியை அவளிடமிருந்து மறைத்தது போலவே. நான் அந்த ஜெபக் கூட்டத்துக்காரர் சொன்னதைச் சொன்னேன். சித்தி ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் வரைக்கும் விடவே இல்லை.

பெரம்பூர்க் கோயில் லூர்து நகர்ப் பேராலயத்தின் சாயலில் கட்டினது. மேலே ஒரு கோயில், கீழே ஒரு கோயில். பிப்ரவரி 11 திருவிழாவுக்கு அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த இடம். மாதாவின் குகை மாதிரி கட்டின கெபிக்கு முன்னால் உட்கார்ந்தோம். சித்தி காலை நீட்டிக்கொண்டாள்.

அங்கே உட்கார்ந்து நான் யோசித்ததை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தது அங்கேதான். 1858-ல் பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத் என்ற ஏழைப்பெண் மாதாவைப் பதினெட்டு முறை பார்த்ததாகச் சொன்னாள். முதலில் நம்பாதவர் அவளுடைய பங்குச் சாமியாரே. யாரென்று பெயரைக் கேட்டு வா என்று திருப்பி அனுப்பினார். திருச்சபை விசாரித்து ஏற்க நான்கு வருஷம் ஆனது. இன்றும் அங்கே குணமானேன் என்று யாராவது வந்தால் கைதட்டி அல்லேலூயா சொல்லி அனுப்பிவிடுவதில்லை. 1883 முதல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. கடவுளை நம்பாத டாக்டரும் வந்து ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். அப்படிப் பதிவானவை ஏழாயிரத்துக்கும் மேல். இத்தனை வருஷத்தில் புதுமை என்று திருச்சபை ஏற்றது 72. எழுபத்திரண்டாவதை அறிவித்தது போன புதன்கிழமைதான்.

அப்படியானால் வீல் சேரில் போய், அதே வீல் சேரில் திரும்பி வந்த லட்சக்கணக்கானவர்கள்? அவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா? பெர்னதெத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, பிறகு காசநோய். குணம் தேடி ஜனம் போகிற லூர்து ஊற்றைத் தன் கையால் தோண்டினவள் அவள். 35 வயதில், 1879 ஏப்ரல் 16-ல், மூச்சுக்குத் தவித்து இறந்தாள். அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 13. அவள் இறந்தது எண்கிழமைப் புதன், இன்றைக்கு மாதிரி ஒரு நாள். 'முழு விசுவாசத்தோட கேட்டிருந்தால்' என்று அவளைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா? மாதாவை நேரில் பார்த்தவளிடம்!

எம்மாவு வழியில் அந்த இருவரும் சொல்கிற வார்த்தை, 'நாங்கள் எதிர்பார்த்திருந்தோம்' என்பது. இறந்த காலத்தில் சொல்கிறார்கள். கூட நடந்து வருகிறவர் உயிர்த்த இயேசு என்று தெரியாமல் அவரிடமே சொல்கிறார்கள். அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை, வீடு வரை கூடவே நடந்தார்.

திரும்பி வரும்போது பஸ். சித்தி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள்.


வியாழன், ஏப்ரல் 24

எண்கிழமை வியாழனுக்கு வீட்டில் மீன் பொரிப்பது அம்மாவின் வழக்கம். உயிர்த்தவரை ஆவி என்று நினைத்துச் சீடர்கள் நடுங்கினபோது, 'உண்ண ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டு, சுட்ட மீன் துண்டை வாங்கிச் சாப்பிட்டுக் காட்டினார் என்று இன்று வாசிப்பார்கள். அதனால் இன்று மீன். ஆனால் இந்த வருஷம் ஈஸ்டர் தள்ளி வந்துவிட்டது. ஏப்ரல் 15-லிருந்து தடைக்காலம், விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு சித்தி திரும்பி வந்துவிட்டாள். ஃபைபர் படகில் வந்த கொஞ்சம் நெத்திலிதான் கிடைத்தது. மசாலா தடவும்போது பன்னிரண்டு மணி. சித்தி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நின்று, "பரலோக இராக்கினியே, மனங்களிகூரும்" என்று தொடங்கினாள். பாஸ்கா காலத்தில் மூவேளை செபத்துக்குப் பதில் இதுதான், நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். 'அல்லேலூயா' மட்டும் நான் சொன்னேன்.

அந்த வாசகத்தில் லூக்காஸ் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார். அவர்கள் சந்தோஷத்தினாலேயே நம்ப முடியாமல் இருந்தார்களாம். அது எனக்குத் தெரிந்த உணர்வுதான். கனவில் அம்மா வந்தால் அப்படித்தான் இருக்கிறது.

சாயங்காலம் காசிமேடு கல்லறைக்குப் போய் வந்தேன். சிமெண்ட் பூசினது அங்கங்கே விரிந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றித் துடைத்தேன்.


வெள்ளி, ஏப்ரல் 25

வெள்ளிதான், ஆனாலும் கறியை விலக்குகிற சுத்தபோசனம் இன்று இல்லை. எண்கிழமை முழுக்கப் பெருவிழா. காலைப் பூசையில் அருளப்பர், அதாவது யோவான் நற்செய்தி, கடைசி அதிகாரம். உயிர்ப்பு நடந்து முடிந்துவிட்டது, இரண்டு முறை பார்த்தும் ஆயிற்று. அதற்குப் பிறகு இராயப்பர் சொல்கிறார், 'நான் மீன்பிடிக்கப் போகிறேன்.' மற்றவர்கள், 'நாங்களும் வருகிறோம்.' ராத்திரி முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நின்று, படகின் வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். பெரிய மீன்கள், நூற்றைம்பத்துமூன்று.

பூசை முடிந்து நேரே காசிமேடு துறைமுகம். விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, கயிறு போட்டுக் கட்டினபடி. வழக்கமாக இந்த நேரத்தில் ஏலச் சத்தத்தில் காது கிழியும். இன்று சுத்தியல் சத்தமும் பெயிண்ட் வாசனையும்தான். நிழலில் வலைகளைக் கும்பலாகப் போட்டு ஆறேழு பேர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் வயதான ஒருவர். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலை ஊசியால் கண் கண்ணாக முடிந்துகொண்டிருந்தார். கையைப் பார்த்தால் ஊசி போவதே தெரியவில்லை, முடிச்சு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுகிறது. நான் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். "இன்னாம்மா, எந்தூரு?" என்றார். இந்த ஊர்தான் என்றேன், இராயப்பர் கோயில் பக்கம் என்றேன். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் உடனே, "இராயப்பரு நம்ம தொழில்காரருதானே" என்றார்.

காலையில் வாசித்த கதையை அவரிடம் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டார். ராத்திரி முழுக்க வலை வெறுமையாக வந்தது என்றதும், "வரும்" என்றார். "எத்தினி நாளு. டீசல் காசு, ஐஸ் காசு, ஒன்னும் தேறாது. வூட்ல மூஞ்சியப் பாக்க முடியாது." கரையில் நின்றவர் வலப்பக்கம் போடச் சொன்னார் என்றதும் முகம் மலர்ந்தது.

"அது நடக்கறதுதாம்மா. படவுல இருக்கறவனுக்குக் கீழ தண்ணிதான் தெரியும். கரையில ஒசரமா நிக்கறவனுக்கு நெறம் தெரியும். மீனு கூட்டமா மேஞ்சா அந்த எடம் தனியா கறுப்பா இருக்கும். எங்க தாத்தா காலத்துல கரைவலைக்கு ஒருத்தரு அதுக்குன்னே நிப்பாரு. கைய காட்டுவாரு, அங்க போடணும்."

எனக்கு ஒரு நிமிஷம் ஏமாற்றமாக இருந்தது. அப்படியானால் புதுமையே இல்லையா? அவரிடமே கேட்டேன். அவர் முதல்முறையாக ஊசியை நிறுத்தினார்.

"ராவு பூரா போட்டு ஒன்னும் கெடைக்காதவன் விடியக்காலைல இன்னொருத்தன் பேச்சக் கேட்டு மறுபடி வலைய எறக்கறான் பாரு. கை விட்டுப் போயிருக்கும்மா அப்ப. அதான் பெருசு."

பிறகு நூற்றைம்பத்துமூன்று. இந்த எண்ணுக்கு அறிஞர்கள் எவ்வளவோ விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தினார் எழுதினார். நான் அதைப் பெரியவரிடம் சொல்லவில்லை. ஏன் எண்ணினார்கள் என்று மட்டும் கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தார். "எண்ணாம எப்படிப் பங்கு பிரிக்கறது?"

இறந்து உயிர்த்தவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் மணலில் உட்கார்ந்து மீனை எண்ணியிருக்கிறார். அன்றைய பங்கு சேர வேண்டுமே, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டபோதும், 'நீர் யார்' என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை என்று எழுதியிருக்கிறது. கேட்கத் துணியவில்லை என்றால், கேட்க வேண்டும் போல இருந்திருக்கிறது! அவரென்று தெரிந்தும், அவர் கையால் மீன் வாங்கும்போதும், அந்தக் கேள்வி தொண்டையில் இருந்திருக்கிறது. அவரும் அதை வெளியே கக்கச் சொல்லவில்லை. அப்பமும் மீனும் கொடுத்தார்.

கைப்பையில் அம்மாவின் ஜெபமாலை இருந்தது. எடுத்துக் காட்டினேன். பெரியவர் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "நைலான் போட்டா அறுவாது" என்று வலை நூலில் ஒரு முழம் வெட்டி, அறுந்த இடத்தில் சேர்த்து, பல்லால் இழுத்து இறுக்கினார். ஒரு மணி எங்கோ விழுந்துவிட்டிருக்கிறது, இரண்டு பேரும் எண்ணிப் பார்த்தோம். மணி இல்லாத இடத்தில் பட்டாணி அளவுக்குப் பச்சை நிறத்தில் ஒரு முடிச்சு போட்டுக்கொடுத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார்.

ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தேன். மூன்றாவது மணி தாண்டியது. எங்கே கவனம் போயிற்று என்று தெரியாது, பாதி நேரம் படகுகள்தான் கண்ணில். ஆனால் விரல் நகர்ந்துகொண்டே போனது. முடிச்சு வந்த இடத்தில் நின்றேன். அதற்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.


சனி, ஏப்ரல் 26

மதியம் ஒன்றரைக்கு டிவியில் பாப்பரசரின் அடக்கப் பூசை. பக்கத்து வீட்டு அக்காக்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள். சாதாரண மரப்பெட்டி, அதன் மேல் திறந்து வைத்த நற்செய்தி நூல், காற்றில் பக்கங்கள் புரள்கின்றன. வத்திக்கானில் அல்ல, புனித மரியா பெரிய பேராலயத்தில் அடக்கம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பின்னும் அங்கிருக்கும் மாதா படத்தின் முன் போய் நிற்பவர் அவர். அடக்கமும் அங்கேதான் என்றதும் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்றைய வாசகம் மாற்குவின் கடைசிப் பகுதி, சின்னது. மரியா போய்ச் சொன்னாள், நம்பவில்லை. வழியில் பார்த்த இருவர் சொன்னார்கள், அவர்களையும் நம்பவில்லை. பிறகு அவரே வந்து, நம்பாததற்காகக் கடிந்துகொள்கிறார். கடிந்துகொண்ட கையோடு, அந்த நம்பாதவர்களிடமே, உலகமெங்கும் போய் அறிவியுங்கள் என்கிறார். வேறு ஆள் தேடவில்லை.


ஞாயிறு, ஏப்ரல் 27

இறை இரக்க ஞாயிறு. வாசகம் தோமையார். "மலைக்குப் போலாமா, தோமையார் மலைக்கு?" என்று சித்தி கேட்டாள். அது தெற்கே. வேண்டாம் என்றேன். அம்மா உட்கார்ந்த பெஞ்சிலேயே இன்று உட்கார வேண்டும் என்று இருந்தது. இராயப்பர் கோயில், இடப்பக்கம், மூன்றாவது தூண் ஓரம்.

பீடத்தின் பக்கத்தில் இறை இரக்கப் படம், நெஞ்சிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக ஒளி. கீழே 'இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறது. இந்தப் பக்தியைத் தந்த போலந்துக் கன்னியர் ஃபவுஸ்தினா 33 வயதில் 1938-ல் இறந்தார். அவருடைய எழுத்துகளைப் பரப்பக் கூடாது என்று 1959-ல் வத்திக்கானே தடை போட்டது, 1978-ல்தான் தடை நீங்கியது. அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்து, இந்த ஞாயிற்றை உலகத் திருச்சபை முழுவதற்கும் ஆக்கினது 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ல். பத்தொன்பது வருஷம் சந்தேகத்தில் கிடந்த பக்திதான் இது. இன்று இந்தக் கோயிலில் மீன் விற்கிற அக்காக்கள் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து அந்தப் படத்துக்கு முன் நிற்கிறார்கள்.

தோமையாரைச் சந்தேகத் தோமா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் உயிர்ப்பை நம்புவேன் என்று ஒரு வாரம் அவர் நம்பாமலே இருந்தார். அந்த எட்டு நாளும் மற்ற பத்துப் பேரும் அவரை வெளியே தள்ளவில்லை. எட்டாம் நாளும் அதே அறையில், அவர்களோடுதான் இருந்தார். அதை இன்றுதான் கவனித்தேன். படங்களில் எல்லாம் அவர் விரலை விலாவில் விடுகிறார். நற்செய்தியில் அவர் தொட்டதாக எழுதவில்லை. இயேசு தொடு என்றார், இவர் 'என் ஆண்டவரே, என் தேவனே' என்று பேசிவிட்டார், அவ்வளவுதான்.

எழுந்தேற்றத்தில், சாமியார் அப்பத்தை உயர்த்தினபோது, மணி அடித்தது. சித்தி தலைகுனிந்து, பழைய வழக்கப்படி, வாய்க்குள் "என் ஆண்டவரே, என் தேவனே" என்றாள். அம்மாவும் அதையேதான் சொல்வாள். நான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. தலை குனிந்திருந்தேன்.

மூன்று மணிக்கு வீட்டில் இரக்கத்தின் ஜெபமாலை சொன்னோம், பச்சை முடிச்சு போட்ட அதே மணியில். முடிந்ததும் போனை எடுத்து மாதா படத்தின் கீழ் வைத்து அம்மாவின் மெசேஜைப் போட்டேன். ஒன்பது செகண்டு. சித்தி, "இன்னொரு தபா போடு" என்றாள். போட்டேன்.

ராத்திரி ரயில். சித்தி தெருமுனை வரைக்கும் வந்தாள். வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தேன், முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அடுத்த வருசம் ஈஸ்டர் எப்போன்னு பாத்துச் சொல்லு. இப்பவே லீவு சொல்லி வெச்சிடு."

போனில் பார்த்தேன். "ஏப்ரல் அஞ்சு, சித்தி."

விரல் விட்டு எண்ணினாள். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, வியாழக்கிழமை ஒன்பது.

"தடைக்கு முந்திதான். வஞ்சிரம் வாங்கிடலாம்" என்றாள்.